மண்ணுளிப் பாம்பின் கால்

நவம்பர் 8, சனி

விடாத தூறல். துவைச்ச துணி எதுவும் காயலை. எங்க ஜெசி பெங்களூர்லேருந்து வந்து ரெண்டு நாள். பாம்பு எதுலேருந்து வந்துச்சுன்னு ஆராய்ச்சி பண்ற பொண்ணு. வீட்டுக்கு வர்றதே அபூர்வம்.

காலையில கொல்லையில, தென்னமட்டைக் குவியலுக்கு அடியில மண்ணுளிப் பாம்பு. பக்கத்து வீட்டு மேரி, "நக்கினா குஷ்டம் வரும், அடிங்கண்ணே!" என் வீட்டுக்காரர் கம்போட ஓடி வந்தார். அதுக்குள்ள ஜெசி வெறுங்கையில தூக்கிட்டா. வால் ஆரம்பிக்கிற இடத்துல, அடிப்பக்கம், குட்டியா ரெண்டு முள்.

"கால்மா இது. பின்னங்காலோட மிச்சம். நாலு கால் இருந்த பல்லி இனத்துலேருந்துதான் பாம்பு வந்துச்சு. முன்னங்கால் முதல்ல போச்சு. மண்ணுக்குள்ள புகுந்து வாழ்ந்ததாலயா, தண்ணியில நீந்தினதாலயா, இன்னும் எங்க ஆளுங்களுக்குள்ள சண்டைதான்."

முகமெல்லாம் சிரிப்பு அவளுக்கு. இவர் கம்பைக் கீழ வைக்கவே இல்லை. சவுக்குத் தோப்புல கொண்டுபோய் விட்டுட்டு வந்தா.

வாங்க வேண்டியது: பால், தீப்பெட்டி, இவருக்கு பி.பி. மாத்திரை.

நவ. 9, ஞாயிறு

கோயில்ல பிள்ளைங்களுக்கு இவர்தான் பாடம். ஏதேன் தோட்டம், ஏவாளை ஏமாத்தின பாம்பை வயித்தால ஊர்ந்து போன்னு ஆண்டவர் சபிச்ச கதை. ஒரு சின்னப் பொண்ணு எழுந்து, "அதுக்கு முன்னாடி பாம்பு எப்படி சார் நடந்துச்சு?"

"கால் இருந்துச்சு. சாபத்துல போச்சு."

பின் பெஞ்சுலேருந்து ஜெசி: "கால் இருந்தது நிஜம்ப்பா. ஆனா ஒரே நாள்ல போகல. கோடிக்கணக்கான வருஷம் ஆச்சு."

"வெளிய போ." அத்தனை பிள்ளைங்க எதிர்லயும்.

போயிட்டா. நான் அங்கதான் உக்காந்திருந்தேன். புடவை மடிப்பைச் சரி பண்ணிக்கிட்டு. கால் இருந்துச்சுன்னு ரெண்டு பேருமேதானே சொன்னாங்க? எழுந்து அதையாவது சொல்லியிருக்கலாம்.

சாயங்காலமே பெங்களூர் ரயில் பிடிக்க மாயவரம் பஸ் ஏறிட்டா. "நீகூட வாயைத் திறக்கலையேம்மா." கட்டிக் குடுத்த மீன் வறுவலை வாங்கிக்கல.

நவ. 10, திங்கள்

கொஞ்சம் வெயில். துணி காஞ்சுது. மேரி கேட்டா, "பாப்பா அதுக்குள்ள கிளம்பிடுச்சா?" லீவு இல்லைன்னுட்டேன். இவர் ராத்திரி சாப்பிடலை. நானும் ஏன்னு கேக்கலை.

நவ. 13, வியாழன்

மறுபடி மழை. ஜெசி போன். கிறிஸ்துமஸுக்கு வரலையாம். வேலை இருக்காம். இவர் கிட்டவே நின்னுக்கிட்டிருந்தார். "அவளை அப்படி அனுப்பியிருக்கக் கூடாது"ன்னார், என் காதோட.

"அவகிட்ட சொல்லுங்க." போனைக் கையில திணிச்சேன்.

காதுல வெச்சுக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். "அங்க மழையா?"ன்னார். அப்புறம் "சரி"ன்னார்.

நான் வாங்கிப் பாக்கிறப்ப லைன் கட்டாயிருந்துச்சு.