ஐஸ் கொம்பனியில் உன் புரோகிராம்

இன்று செட்டிபாளையத்து ஐஸ் கொம்பனியில் பழைய கொம்பியூட்டரின் மூடியைக் கழற்றினேன். துருவும் அமோனியாவும் கலந்த அந்த மணம் குப்பென்று அடித்தது. உனக்குத் தலையிடி தருகிற மணம். "சீ, என்ன நாத்தம் கா இது" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு நீ வெளியே ஓட வேண்டிய நேரம். திரும்பிப் பார்த்தேன். சுவரோரம் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

உப்புக் காற்று தின்று முடித்த கொம்பியூட்டர் அது. முதலாளி புதிது வாங்கி வைத்திருந்தார். ஐஸ் வாங்க வருகிற தோணிக்காரருக்குப் பில் துண்டு அடிக்கிற உன் புரோகிராமை அதில் ஏற்றிக்கொடுப்பதுதான் என் வேலை. "இஞ்ச பாருங்க புள்ள, கொழும்பால புதுசா ஒரு சொப்ட்வெயார் வந்திருக்காம். இது பின்னேரத்துக்குள்ள ஓடினா ஓடட்டும். ஓடாட்டி அத எடுப்பம்" என்றார். நல்ல மனிதர், கோபமாகச் சொல்லவில்லை. நாம் சேர்ந்து செய்துகொடுத்த கடைகள் எல்லாம் ஒவ்வொன்றாக வேறு புரோகிராமுக்கு மாறிவிட்டன. நீ எழுதியதில் இன்னும் ஓடுவது இது ஒன்றுதான். இதையும் நிறுத்திவிட்டால் நீ செய்த வேலை என்று எங்கேயும் எதுவும் மிஞ்சாது. அதை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஏற்றுவதெல்லாம் ஒழுங்காய்த்தான் போனது. திறந்தால், கிளையன்ட் லைப்ரரி இல்லை என்று முகத்தில் அடித்தது. நம் பழைய பகையாளி! கணக்கெல்லாம் இருக்கிற தரவுத்தளம் உள்ளறைக் கணினியில் சுகமாகவே இருந்தது. அதற்கும் உன் புரோகிராமுக்கும் நடுவே கதை கொண்டுபோகிற அந்தச் சின்னக் கோப்பைத்தான் காணோம். பழைய டிஸ்க்கைத் தோண்டி அதை எடுத்துவந்து போட்டேன். மறுபடியும் பிழை. வேறு இடத்தில் போட்டேன். பிழை. நிறுத்தி, திரும்ப எழுப்பிப் பார்த்தேன். அதே பெட்டி, அதே சிவப்புக் குறி. "உனக்கு என்னதான் வேணும், சனியனே" என்று மேசையில் தட்டினேன். உன்னையும் ஏசினேன், மறைப்பானேன்? காய்ச்சல் என்று படுத்தவள் எழும்பாமலே போனதற்கு. இந்தக் கரைச்சலையெல்லாம் என் தலையில் கட்டிவிட்டுப் போனதற்கு. வாய்விட்டே ஏசினேன்.

உனக்கு ஞாபகம் இருக்கா, நாம் இங்கே வருகிற பஸ்? நீ ஏறாவூரில் ஏறி, பக்கத்து சீட்டில் பையை வைத்துக்கொண்டு தன்னாமுனைவரை எனக்காக இடம் பிடித்துவருவாய். யாராவது கேட்டால், "வயித்தில புள்ளயோட ஒராள் வாறா" என்று கூசாமல் சொல்வாய். நான் ஏறும்போது இடுப்பில் கையை வைத்து மூச்சு வாங்கியபடி வர வேண்டும். கலியாணமே ஆகாதவள் நான். ஒருநாள் என் பெரியம்மா அதே பஸ்ஸில் இருந்துவிட்டா. அந்தக் கதையை விடு.

இந்த அறைக்குள் நின்று நீ ஒரு பிழையையும் திருத்தியதில்லை. மணம் ஆகாது. ஜன்னலுக்கு வெளியே பூவரசு நிழலில், முக்காட்டால் மூக்கை மூடிக்கொண்டு வாவியைப் பார்த்து நிற்பாய். திரையில் இருப்பதை நான் உள்ளே இருந்து உரத்து வாசிக்க வேண்டும். பாதி வாசித்துவிட்டு மிச்சத்தை என்பாட்டில் விளக்கத் தொடங்கினால் வெளியிலிருந்து சத்தம் வரும். "வாசி கா! நீ நினைக்கிறத நான் கேட்டனா? அது சொல்றத வாசி." தோணிக்காரர்கள் சிரிப்பார்கள். "சண்டை பிடிக்கிறீங்களா புள்ள, வேலை செய்றீங்களா?" என்று ஒருவர் கேட்டார். "ரெண்டும்தான் அண்ணன்" என்றாய் நீ.

இன்று நான் வாசிக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சிவப்பைக் கண்டதும் எல்லாம் ஒன்றுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். எழும்பிப்போய் ஜன்னலைத் திறந்தேன். பூவரசைப் பார்த்து, உனக்குக் கேட்கிற மாதிரி, சொல் சொல்லாக வாசித்தேன். ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "ஆரோட கதைக்கிறீங்க?" என்றார். "என்ட கூட்டாளியோட" என்றேன். அவர் மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுகா குனிந்து ஐஸை உடைத்தார்.

முதலில் வந்தது, கோப்பு இல்லை என்ற பிழை. இப்போது வந்திருப்பது, கோப்பை ஏற்ற முடியவில்லை என்பது. கோப்பு வந்துவிட்டது. அதற்குத் துணையாக வர வேண்டியதுதான் வரவில்லை. இதை நீ எத்தனை தரம் சொல்லியிருப்பாய்! "கலியாணத்துக்கு மாமியக் கூப்பிட்டா மாமி மட்டுமா கா வருவா? மாமா வரணும், மகள் வரணும், மகள்ட புள்ள வரணும். ஒராளை விட்டாலும் மாமியும் வரமாட்டா." அந்தக் கோப்பு நம்பியிருக்கிற பழைய முப்பத்திரண்டு பிட் பொதி புதிய கணினியில் இல்லை. தேடி இறக்கிப் போட்டேன். உன் பச்சை நிறத் திரை வந்தது. எல்லாரும் கேலி செய்த அந்தப் பச்சை. முதல் துண்டு கிறுகிறுவென்று அச்சாகி வந்தது.

"ஓடிட்டு கா!" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக் கத்திவிட்டேன். பதில் வர ஒரு கணம் காத்தும் இருந்தேன். ஓடினது எனக்குப் போதவில்லையடி. ஓடிட்டு என்று சொன்னால் கேட்க நீ வேணும்.

முதலாளி வந்து பார்த்தார், சந்தோசம். பிறகு திரையின் அடியில் விரலை வைத்தார். உதவிக்கு அழையுங்கள் என்று நீ போட்டுவைத்த உன் போன் இலக்கம். "புள்ள, அவதான் இல்லையே. இதில உங்கட நம்பரப் போட்டு விடுங்க."

போட்டிருக்கலாம், சின்ன வேலை. ஆனால் அந்தப் போன் இன்னும் ஓய்ந்துவிடவில்லை. உன் உம்மா அதற்குக் காசு போட்டு, சார்ஜ் ஏற்றி, தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறா. துண்டு அடிக்கவில்லை என்று இங்கிருந்து யாராவது கோல் எடுத்தால், "அவ மவுத்தாகிட்டா மகன். என்ட மத்தப் புள்ள தன்னாமுனையில இருக்கா, அவட நம்பரத் தாறன்" என்று சொல்லிக்கொடுக்கிறா. பிறகு எனக்கு எடுக்கிறா. "மகள், இண்டைக்கும் ஒராள் அவட பேரச் சொல்லிக் கேட்டாரு" என்று சொல்லும்போது அந்தக் குரலில் இருக்கிற மலர்ச்சியை நீ கேட்க வேண்டும். வேறு யார் இப்போது உன்னைக் கேட்டு எடுக்கிறார்கள்?

"அது இருக்கட்டும்" என்றேன் முதலாளியிடம். "பழுதானா எனக்கு எடுக்க வேணாம். அந்த நம்பருக்கே எடுங்க."