வண்டிக்கு நோகுது

மேல் பிரிவு,
மஸ்கெலியா.
நவம்பர் 15, சனிக்கிழமை

அன்புள்ள தம்பி டெரன்ஸுக்கு,

அண்ணி எழுதுகிறேன். இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக நம் காரின் பின் சீட்டில் போய்ப் படுத்தேன். அடுப்பைக்கூடப் பற்றவைக்கவில்லை. அண்ணன் மருந்தில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் படுக்கிற மாதிரியே தலையைக் கதவோரம் வைத்து, முழங்காலை மடக்கி, இடுப்புக்கு அவருடைய தலையணையையும் கொடுத்துக்கொண்டேன். எதற்காக என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். எடுத்த எடுப்பிலேயே சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

இதைப் போனில் சொல்லவும் முடியாது. நீங்கள் கூப்பிடும் நேரமெல்லாம் போன் அண்ணனின் நெஞ்சின்மேல்தான் கிடக்கிறது. குவாட்டர்ஸில் அறைக்கும் குசினிக்கும் நடுவே இருப்பது பலகை. நான் பாத்திரம் கழுவுவதை வைத்தே என் கோபத்தைக் கண்டுபிடிக்கிற மனிதர் அவர். அதனால்தான் லீவு முடிந்து டோஹாவுக்குத் திரும்பும் திலக்ஷன் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள். படித்த கையோடு அண்ணனைக் கூப்பிடாதீர்கள். உங்கள் குரலில் தெரிந்துவிடும்.

லோஜினி உடப்புசல்லாவையிலிருந்து போன வாரம் பேசினாள். சின்னவனுக்குப் பல் முளைக்கிறதாம், கையில் அகப்பட்டதையெல்லாம் கடிக்கிறானாம். உங்களைப்போலவே காது என்று அவளுடைய அம்மா சொல்கிறாராம். இங்கே பள்ளிக்கூடத்தில் பரீட்சை நெருங்குகிறது. மழை விட்டபாடில்லை. கேத்ரின் கம்பஸ் விடுதியில் நன்றாக இருக்கிறாள். அப்பா எழுந்து நடக்கப்போகிறார் என்று அவளும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

இனி ஷொக் விஷயம்.

நம் சன்னி காரில் குலுக்கலைத் தாங்குகிற ஷொக் நான்கும் போய்விட்டன என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் வேலை செய்யும் கராஜில் ஆட்களுக்குக் குறைத்துக் கொடுக்கிற கழிவு விலைக்கு ஒரு செட் எடுத்துத் தருகிறேன் என்று இரண்டு படங்கள் அனுப்பினீர்கள். சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. உங்களால் ஒரு செட்தான் முடியும். இங்கே ஹட்டனில் விற்கிற விலைக்கு எங்களால் ஒன்றுகூட முடியாது. அன்றிலிருந்து அண்ணனுக்கு அதே பேச்சு. படுத்தபடியே போனில் வீடியோக்களைப் பார்க்கிறார். யாரோ ஒருவன் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு ஆங்கிலத்தில் பேசுவதை இரவு ஜெபம் மாதிரிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கடைசியில் சிவப்புதான் என்று முடிவுசெய்து, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, கலண்டரின் பின்பக்கத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவை வரைந்து விளக்கினார். சிவப்பு கட்டையானது, இறுக்கமானது. வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயாது, சொன்ன பேச்சுக் கேட்கும். கறுப்பு மெத்தென்று இருக்கும், ஆனால் வளைவில் தொட்டில் மாதிரி ஆடும்.

“டீச்சரம்மா, கறுப்பு போட்டா அது காரு இல்ல, சோபா. ஹட்டன் ரோட்டுல சோபாவ ஓட்டிக்கிட்டுப் போவ முடியுமா? நான் எந்திரிச்சதும் மொதல்ல உங்கள வச்சு நல்லதண்ணி ஊர் வரைக்கும் ஒரு ஓட்டம். அப்பத் தெரியும் உங்களுக்கு, சிவப்புன்னா என்னான்னு” என்றார்.

நானும் சிரித்தேன். என் கிளட்ச்சைப் பற்றி வழக்கமாகச் சொல்கிற கிண்டலையும் சொன்னார். அதற்கும் சிரித்தேன்.

போன தடவை கண்டி கிளினிக்கில் நடந்ததை உங்களிடம் மறைத்துவிட்டேன், தம்பி. டொக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். முதலில் சிங்களத்தில் சொன்னார். எனக்கு விளங்கவில்லை என்று நினைத்தோ என்னவோ, அதையே ஆங்கிலத்தில் மெதுவாக மறுபடியும் சொன்னார். முதல் தடவையே எனக்கு விளங்கிவிட்டது. முதுகெலும்பில் இருப்பது இடுப்புக்கும் இறங்கிவிட்டது. இனிக் குணமாக்கும் மருந்து இல்லை, நோவைக் குறைக்கும் மருந்து மட்டுந்தான். சித்திரை வரைக்கும் என்றுகூடத் தன்னால் சொல்ல முடியாது என்றார். அந்த மருந்துக்கு அவரைத் தூக்கிக்கொண்டு வரவேண்டியதில்லை, மருந்துத் துண்டைக் காட்டி நானே வாங்கிக்கொண்டு போகலாம், அவரைக் கொண்டுவருவதும் வராததும் உங்கள் விருப்பம் என்றார். வெளியே அண்ணன் சக்கர நாற்காலியில் இருந்து, எல்லாம் சரிதானே என்கிற மாதிரிக் கையைக் காட்டினார். நானும் தலையாட்டிவிட்டேன். அந்தத் தலையாட்டலை இன்னும் திருப்பி எடுக்க முடியவில்லை.

கண்டிக்குப் போகிற நாளை அவர் எதிர்பார்த்துக் காத்திருக்கிறார். முதல் நாளே சவரம் செய்துகொள்கிறார். ஒவ்வொரு தடவை போகும்போதும் குணமாவதற்கு ஒரு படி ஏறுகிறோம் என்று நினைப்பு.

ஆனால் மேல் பிரிவிலிருந்து பெரிய ரோட்டுக்கு இறங்கும் தோட்ட ரோடு இருக்கிறதே, நீங்கள் போன பிறகு அது ரோடே இல்லை. கல்லும் பள்ளமும்தான். தோட்டத்துத் துரையிடம் போய்க் கேட்டேன். மழை விடட்டும் டீச்சர், பார்க்கலாம் என்றார். டயரில் காற்றைக் குறைத்துப் பார்த்தேன். சீட்டின்மேல் மெத்தையைப் போட்டுப் பார்த்தேன். டிக்கியில் பாரம் இருந்தால் ஆட்டம் குறையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அரிசி மூட்டையை ஏற்றினேன். ஆட்டம் கொஞ்சம் குறைந்தது உண்மைதான். ஆனால் பாலத்தடிக் கல்லில் வண்டியின் வயிறு இடித்து, அண்ணன் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

போன சனிக்கிழமை ஹட்டனில் சின்னத்தம்பியின் கராஜுக்குப் போனேன். அண்ணன் எப்போதும் வண்டியைத் திருத்த விடுகிற இடந்தான். இரண்டு படங்களையும் காட்டி, எது நல்லது என்று கேட்டேன்.

“செவப்பு போட்டா ஓட்டுறவரு சந்தோஷமா இருப்பாரு. கறுப்பு போட்டா பின்னால படுத்து வாறவரு சந்தோஷமா இருப்பாரு. ரெண்டு பேரும் ஒரே ஆளா இருந்தா நான் என்னாங்க சொல்றது?” என்றார்.

முன்னால் சிவப்பு, பின்னால் கறுப்பு என்று போட முடியாதா என்று கேட்டேன். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். “முன்னுக்கு ஒரு மனசு, பின்னுக்கு ஒரு மனசா? வளைவுல வண்டி யாரு பேச்சக் கேக்கும், டீச்சர்?” என்றார். பிறகு அவரே சிரிப்பை நிறுத்திக்கொண்டு, அண்ணன் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். மழை வருகிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

அண்ணனுக்குத் தெரியாமல் கறுப்பை வண்டியில் பூட்டவும் முடியாது. வண்டி வாசலில் வந்து நிற்கிற சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். கறுப்பு வந்தால் அதற்கு ஒரே அர்த்தந்தான் உண்டு என்பதும் அவருக்குத் தெரியும், இனிமேல் தன் இடம் பின் சீட்டு என்பது. டொக்டர் சொன்னதை நான் சொல்ல வேண்டியதே இல்லை, அந்தப் பெட்டி சொல்லிவிடும். சிவப்பு வந்தாலோ, அதைப் பூட்டித்தான் அவரைக் கண்டிக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த இறுக்கத்தோடு அந்த ரோட்டில். இதற்குள்தான் இத்தனை நாளாக நான் சுற்றிக்கொண்டிருந்தேன்.

இன்று காலை பின் சீட்டில் படுத்தது அதனால்தான். இத்தனை வருடத்தில் நம் காரில் நான் பின்னால் ஏறியதே இல்லை. நிற்கிற வண்டியில் படுத்து என்ன தெரியப்போகிறது என்று, பக்கத்து வீட்டு மதுரனை எழுப்பி, பெரிய ரோடு வரைக்கும் ஓட்டச் சொன்னேன். அவர் தோட்டத்து லொறி டிரைவர், ரோட்டைத் தெரிந்தவர். கண்ணைக் கசக்கிக்கொண்டு, “என்னாங்க டீச்சர், நீங்க பின்னால படுத்துக்கிட்டு நான் ஓட்டிக்கிட்டுப் போனா ஊர்ல என்னா பேசுவாங்க?” என்றார். பெரட்டில் பெயர் கொடுக்கக் கொழுந்துக் கூடையோடு போய்க்கொண்டிருந்த அழகம்மா ஜன்னலில் எட்டிப்பார்த்து, “என்னா டீச்சரம்மா, வீட்ல கட்டிலு ஒடஞ்சிருச்சா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். எல்லோரும் சிரித்தோம். பிறகு வண்டி நகர்ந்தது.

ஓட்டுகிறவருக்குப் பள்ளம் முதலிலேயே தெரிகிறது, தம்பி. உடம்பு தன்னால் இறுகிக்கொள்கிறது, பிடிக்க ஸ்டியரிங் இருக்கிறது. படுத்திருப்பவருக்குக் கூரை மட்டுந்தான் தெரிகிறது. அடி எப்போது வரும் என்று தெரியாது, வந்த பிறகுதான் தெரியும். ஒரு நோயும் இல்லாத என் இடுப்பே பாலம் வருவதற்குள் போதும் என்றது.

ஒவ்வொரு குலுக்கலுக்கும் அண்ணன் பின்னாலிருந்து “மெல்ல, மெல்ல, வண்டிக்கு நோகுது” என்பார். அவருக்குக் கார் என்றால் உயிர், இந்த நிலையிலும் காரைப் பற்றித்தான் கவலை என்று எனக்குச் சில நேரம் எரிச்சல்கூட வந்திருக்கிறது. ஒரு தடவை, கார் கிடக்கட்டும், நீங்கள் சும்மா படுங்கள் என்று திட்டியிருக்கிறேன். இன்று அந்தப் பாலத்தடியில், கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோது, என்னை அறியாமல் என் வாயிலிருந்தும் அதே சொல் வந்தது. மதுரனிடம் எனக்கு வலிக்கிறது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. “வண்டிக்கு நோகுது, மெதுவாப் போங்க” என்றேன்.

அண்ணன் ஒரு நாளும் காரைப் பற்றிப் பேசவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மதுரன் வண்டியை நிறுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். வரும்போது நானே ஓட்டிக்கொண்டு வந்தேன்.

இப்போது மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அண்ணன் எழுந்து கஞ்சி குடித்துவிட்டு, காலையில் வண்டிச் சத்தம் கேட்டதே என்றார். கடைக்குப் பாண் வாங்கப் போனேன் என்றேன். பாண் எங்கே என்று கேட்கவில்லை. முன் பக்கம் இடது ஷொக்தான் அதிகம் கத்துகிறது, டெரன்ஸிடம் சொல்லுங்கள் என்றார்.

தம்பி, நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இதை டொக்டரிடம் சொல்லவில்லை, கேத்ரினிடம் சொல்லவில்லை, முழங்காலில் நின்று கர்த்தரிடமும் இன்னும் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் முதலில். அண்ணனை இனி அந்தக் காரில் ஏற்றப்போவதில்லை. மருந்துக்கு நானே கண்டிக்குப் போய் வருவேன். கேட்டால், இந்தப் பழைய ஷொக்கோடு உங்களை வைத்து ஓட்டமாட்டேன், சிவப்பு வரட்டும், அதற்குப் பிறகு போகலாம் என்று சொல்வேன். அதை அவர் ஒத்துக்கொள்வார். சிவப்புக்காகக் காத்திருப்பார்.

அவருடைய விஷயத்தை அவரைக் கேட்காமல் முடிவுசெய்ய எனக்கு என்ன உரிமை என்று காலையிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்டால் போவோம் என்பார். நிச்சயமாக அப்படித்தான் சொல்வார். போகிற வழி முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு வருவார். இது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. வேறு எதுவும் என் கையில் இல்லை.

ஆகவே அவர் கேட்ட சிவப்பையே எடுங்கள். பெட்டியோடு ஒரு படம் எடுத்து அவருக்கு அனுப்புங்கள். ஆனால் பிளேனில் போட வேண்டாம், லீவில் வருகிற யார் கையிலும் கொடுத்தனுப்ப வேண்டாம். கப்பலில் போடுங்கள். எப்போது வரும் என்று அவர் தினமும் கேட்பார், உங்களைத் திட்டவும் செய்வார். திட்டை வாங்கிக்கொள்ளுங்கள். வளைவுகளைப் பற்றியே அவரிடம் பேசிக்கொண்டிருங்கள்.

அந்த வெயிலில் வேலை செய்கிற உங்கள் கைகளுக்குக் கர்த்தர் பெலன் தரட்டும். லோஜினியும் பிள்ளையும் உங்களைச் சுகமாகப் பார்க்கட்டும். அவசரப்பட வேண்டாம், தம்பி.

அன்புடன்,
உங்கள் அண்ணி
சுகிர்தம்