மீதி ஆறு கண்கள்

நவம்பர் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? நானும் கடையும் நலம். கட்டினால் உங்களைத்தான் கட்டுவேன் என்று என் மகள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். "என்னடி பண்றாரு?" என்று கேட்டேன். "சிலந்தியைப் போட்டோ எடுக்கிறாரும்மா" என்றாள். கடைக்கு வந்திருந்த பெயின்டர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும்தான். அவள் மட்டும் சிரிக்கவில்லை. விஷயம் முற்றிவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது.

சைக்கிளில் பெயின்ட் டப்பாவைக் கட்டிக்கொண்டு வீடு வீடாக விற்று மேலே வந்தவள் நான். ஆளை எடைபோடத் தெரியும், சிலந்தியை எடைபோடத் தெரியாது. போனில் என்றால் இனிக்க இனிக்கப் பேசிவிடுவீர்கள், அதனால்தான் எழுத்தில் கேட்கிறேன். புதருக்குள் முட்டிபோட்டுக்கொண்டு என்னதான் செய்கிறீர்கள்? அங்கே என் மகளுக்கு என்ன வேலை? மறைக்காமல் எழுதுங்கள். எனக்கு ஒத்துவராவிட்டால் நானும் மறைக்காமல் சொல்லிவிடுவேன்.

அன்புடன்,
பெயின்ட் கடை அம்மா

நவம்பர் 9

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். சிரித்ததற்கு வருத்தமே இல்லை. என் அப்பா இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

பிழைப்புக்குக் கேமரா பழுதுபார்க்கிறேன். உங்கள் மகள் அதைச் சொல்லாமல் விட்டது உங்களைச் சீண்டிப் பார்க்கத்தான் இருக்கும். சிலந்தி எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில், ஊருக்கு வெளியே உள்ள புதர்க்காட்டில்.

நான் எடுப்பது குதிக்கும் சிலந்தி. வலை பின்னி உட்கார்ந்திருக்காது; பூனை மாதிரி பதுங்கித் தாவிப் பிடிக்கும். அரிசி மணி அளவுதான் இருக்கும். அதன் முகத்துக்கு ஒரு விரல் தூரத்தில் லென்ஸைக் கொண்டுபோக வேண்டும். மூச்சுக்காற்றில் இலை ஆடினாலே படத்தில் அதன் கண் மங்கிவிடும். ஃபிளாஷ் வெளிச்சம் பளீரென்று அடிக்காமலிருக்க வெள்ளை ஃபோம் தாளை வளைத்து முன்னால் மாட்டியிருக்கிறேன். சிலர் பிடித்துவந்து ஃப்ரிட்ஜில் வைத்து, விறைத்துப்போனதும் எடுப்பார்கள். என்னால் அது முடியாது. இருக்கிற இடத்தில், இருக்கிறபடி எடுக்க வேண்டும். ஓடிவிட்டால் ஓடிப்போகட்டும்.

இலையை ஆடாமல் பிடிப்பதுதான் உங்கள் மகளின் வேலை. ஒருமுறை அது தாவி அவள் மூக்கு நுனியில் உட்கார்ந்துவிட்டது. அவள் கத்தவில்லை. உதடு அசையாமல், "சீக்கிரம் எடுங்க, தும்மல் வருது" என்றாள். படம் மங்கலாகத்தான் வந்தது. ஆனால் இவள்தான் என்று முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

நன்றாக வந்த படம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன்.

பணிவுடன்,
கேமராக்காரன்

டிசம்பர் 1

அன்புள்ள தம்பிக்கு,

உறையைப் பிரித்ததும் முதலில் கையை உதறினேன். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அடேயப்பா! அந்தத் தாடையில் மின்னுகிற பச்சையை என் கலர் மெஷினில் கலக்கிப் பார்த்தேன். கிட்டே கூட வரவில்லை. டப்பா வீணானதுதான் மிச்சம்.

இப்போது உங்களுக்கு ஒரு சந்தோஷச் செய்தி. சொன்னால் கூச்சப்படுவீர்கள் என்று சொல்லாமலே செய்தேன். இந்த வருஷம் எங்கள் கடைக் காலண்டரில் உங்கள் படம்தான்! கீழே உங்கள் பெயர் கொட்டை எழுத்தில். ஒன்று அனுப்பியிருக்கிறேன். படத்தில் ஒரே ஒரு குறை இருந்தது. தலையில் அங்கங்கே கறுப்பாகக் கொப்புளம். பாவம், அதற்கு ஏதோ சீக்கு போலிருக்கிறது. அச்சகக்காரரிடம் சொல்லி, சுவருக்குப் பட்டி பார்ப்பது மாதிரி எல்லாவற்றையும் பூசி மெழுகிவிட்டோம். இப்போது இரண்டே கண்ணோடு குழந்தை மாதிரி முழிக்கிறது. கேட்டுக் கேட்டு வாங்கிப்போகிறார்கள்.

அடுத்த வார ஞாயிறு புதருக்கு லீவு விட்டுவிட்டு அப்பா அம்மாவோடு வீட்டுக்கு வாருங்கள். தேதி பேசிவிடலாம்.

அன்புடன்,
பெயின்ட் கடை அம்மா

டிசம்பர் 6

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

உங்கள் அழைப்பைப் படித்துவிட்டு வீட்டுக்குள்ளேயே ஒரு குதி குதித்தேன். பிறகு காலண்டரைப் பிரித்தேன்.

அம்மா, அது சீக்கு இல்லை. நீங்கள் பூசி மெழுகிய ஆறும் கண்கள். குதிக்கும் சிலந்திக்கு எட்டுக் கண். முன்னால் உள்ள பெரிய இரண்டும் இரையைக் குறிபார்க்க. பின்னால் யாராவது வந்தால் தலைக்குப் பின்பக்கம் உள்ள சின்னக் கண்களே காட்டிக்கொடுத்துவிடும். எட்டும் தெரிகிற கோணம் கிடைக்கத்தான் அன்று அரைநாள் மண்ணில் படுத்துக் கிடந்தேன்.

இந்தப் படத்துக்குக் கீழே என் பெயர் இருக்கக் கூடாது. தயவுசெய்து காலண்டரை இனி யாருக்கும் கொடுக்க வேண்டாம். "கல்யாணம் முடியட்டும், அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம். இப்பவே எங்கம்மாகிட்ட மோதாதீங்க" என்கிறாள் உங்கள் மகள். எதை ஆசைப்பட்டு உங்கள் முன்னால் நிற்கிறேன் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் என்னால் சொல்லாமலிருக்க முடியவில்லை.

இதற்கு மேலும் கூப்பிட்டால்தான் ஞாயிறு வருவேன்.

பணிவுடன்,
கேமராக்காரன்

டிசம்பர் 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறிவிட்டது. பெண் கேட்டு நிற்கிற ஆள் பெண்ணைப் பெற்றவளுக்கு இப்படியா எழுதுவது? போகட்டும், எழுதியது உண்மைதானா என்று பார்த்துவிடலாம் என்று கோடவுனுக்குள் போனேன். பிரஷ் அட்டைப்பெட்டி மேல் குதிக்கும் சிலந்தி ஒன்று உட்கார்ந்திருந்தது. உங்கள் படத்தில் உள்ளது மாதிரி அழகி இல்லை, சாம்பல் நிறம். சத்தமில்லாமல் பின்னாலிருந்து விரலை நீட்டினேன். சட்டென்று திரும்பி முறைத்தது. சுற்றிப்போய் மறுபடி பின்னாலிருந்து போனேன். மறுபடியும் முறைப்பு. கடை ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"அக்கா, சாவி தொலைஞ்சுபோச்சா?"

"இல்லப்பா, மருமகன் சொன்னது நிஜமான்னு பாக்கிறேன்."

வாய் தவறி வந்துவிட்டது. விற்ற சரக்கைத் திரும்ப எடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. சொன்ன சொல்லையும்தான்.

உள்ளதைச் சொல்கிறேன். சுவர் காயாமல் பெயின்ட் அடிக்காதே என்று சொல்லியே பல வாடிக்கையாளர்களைத் திருப்பி அனுப்பியவள் நான். நீங்களும் அதையேதான் செய்திருக்கிறீர்கள். எனக்குத் தலையாட்டுகிற ஆட்கள் கடை நிறைய இருக்கிறார்கள். வீட்டுக்கும் ஒன்று வேண்டாம்.

கொடுத்த காலண்டர்களைத் திரும்பக் கேட்டால் யாரும் தர மாட்டேன் என்கிறார்கள். கடையில் மிச்சமிருப்பதற்கு அம்மாவும் மகளுமாக உட்கார்ந்து, தீக்குச்சி நுனியில் கறுப்பு எனாமலைத் தொட்டுக் கண் வைத்துக்கொண்டிருக்கிறோம். பின்பக்கத்துக் கண் எங்கே வரும் என்று எங்களுக்குள் ஒரே சண்டை. இவள் வைத்ததில் ஒன்று காதுக்கம்மல் மாதிரி தொங்குகிறது. நான் வைத்தது எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை.

ஞாயிறு அவசியம் வாருங்கள். பெரியவர்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருக்கட்டும். நீங்கள் பழைய சட்டை ஒன்று எடுத்து வாருங்கள், எனாமல் பட்டால் போகாது. கண்ணை எல்லாம் சரியான இடத்தில் வைத்து முடித்த பிறகுதான் தேதி, சாப்பாடு எல்லாம்.

அன்புடன்,
அத்தை