தேதிதான் போயிருக்கு

ஹோஹோயே
14 ஜனவரி 2019

அன்புள்ள செலோம்,

உழைக்கிற கைகளுக்கு வாழ்த்து. உன் வீட்டார் நலமா? இங்கே வீட்டார் நலம். தூசியை வாரிவரும் ஹர்மட்டான் காற்று தொடங்கிவிட்டது. காலையில் பெருக்கிய தரையில் மதியம் விரலால் பெயர் எழுதலாம்.

தொலைபேசியில் எனக்குப் பேச்சு வராது. "மூச்சு விடுற சுவர்கிட்ட பேசுற மாதிரி இருக்கு"ன்னு போன மாதம் நீயே சொன்னாய். அதனால் எழுதுகிறேன்.

பள்ளியில் எனக்குக் கணினி அறையைக் கொடுத்திருக்கிறார்கள். வெளிநாட்டுத் தேவாலயம் ஒன்று அனுப்பிய பழைய கணினிகள். பார்க்க அழகானவை. பல ஆண்டுகளாகத் துணி போர்த்திக் கிடந்தன. பிள்ளைகள் ஒரு கைபேசிச் செயலி செய்ய ஆசைப்படுகிறார்கள். நம் சந்தை ஐந்து நாளுக்கு ஒருமுறை கூடுவதால் கிழமையோடு சேராதல்லவா? அடுத்த சந்தை என்றைக்கு என்று சொல்லும் செயலி. யோசனை யாய்ரா என்ற பெண்ணுடையது. சந்தை இல்லாத நாளில் கிழங்கு மூட்டையைச் சுமந்துபோய் ஏமாந்து திரும்பியவள்.

அதற்கான நிரல் எழுதும் கருவியை இறக்க என் இணையப் பொதி முழுவதும் போயிற்று. திறந்தால், இயங்குதளம் பழையது, புதியது வேண்டும் என்கிறது. புதிய இயங்குதளத்தைக் கேட்டால், இந்தக் கணினிக்கு அது ஆகாது என்கிறது. ஒரு பூட்டிய கதவு இன்னொரு பூட்டிய கதவைக் கைகாட்டுகிறது.

தலைமையாசிரியை அக்பென்யேகா மேடம் வெள்ளிக்கிழமை வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டார்: "பரிசளிப்பு விழா அன்னைக்குப் பிள்ளைங்க எதையாவது ஓட்டிக் காட்டணும். இல்லன்னா இந்தப் பெட்டிங்கள இரும்புக்காரனுக்குப் போட்டுட்டு, அறையச் சமையல் வகுப்புக்குக் குடுத்துடுவேன். அடுப்பாவது எரியும்."

விழா மார்ச் இரண்டாம் தேதி. நான் "சரி மேடம்" என்றேன். வேறு என்ன சொல்வேன், என்னைத் தெரியாதா உனக்கு.

உன்னால் வழி பார்க்க முடியுமா?

அம்மா உனக்கு அபோலோ சோள அப்பமும் பொரித்த நெத்திலியும் கொடுத்தனுப்புகிறாள். வேன் ஓட்டும் கோஜோ அண்ணனிடம் வாங்கிக்கொள்.

என்யோனம்


அக்ரா
19 ஜனவரி 2019

மூச்சு விடும் சுவருக்கு,

நெத்திலி வந்தது. அலுவலகத்தில் திறந்தேன், தப்புப் பண்ணிவிட்டேன். எனக்குக் கிடைத்தது வால்கள் மட்டும்.

உன் பிரச்சினை பழைய பிரச்சினை. எல்லோரும் புதுக் கருவியை எடுத்துக்கொண்டு கணினியைத் திட்டுவார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டும். கணினி எதுவரை ஏறும் என்று முதலில் பார். அந்தப் படிக்கு எந்தப் பதிப்பு பொருந்தும் என்று பிறகு பார். உன் கணினிகள் 2012-ஐத் தாண்டி ஏறாது. அந்த ஆண்டு வந்த பதிப்பு ஒன்று அவற்றுக்குச் சட்டையாகப் பொருந்தும். தேடி எடுத்துப் பென் டிரைவில் போட்டிருக்கிறேன். பெரிய கோப்பு, உங்கள் ஊர் இணையத்தில் ஈஸ்டர் வரை இறங்கும்.

ஒன்றே ஒன்று. பழைய கணினிகளில் உள்ளே இருக்கும் பேட்டரி செத்து, கடிகாரம் கண்டபடி ஓடும். நிறுவுவதற்கு முன் எல்லாவற்றிலும் இன்றைய தேதியைச் சரியாக வை. தேதி தப்பானால் எதுவும் ஒழுங்காக நடக்காது. எங்கள் அலுவலகத்தில் இதுதான் முதல் பாடம்.

நான் பென் டிரைவைக் காகிதத்தில் சுற்றுவதைத் தாய்மாமா பார்த்துக்கொண்டிருந்தார். "ஹோஹோயேவுக்கு ஃபைல் மட்டுந்தான் போகுதா, இல்ல விஷயமும் போகுதா?" என்றார். "ஃபைல்தான் மாமா" என்றேன். "பொண்ணு கேட்டுக் கதவு தட்ட என்னைக்குப் போறோம்னு சொல்லு, பாட்டில் வாங்கணும்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். வயதானவர், ஏதோ சொல்கிறார். நீ கண்டுகொள்ளாதே.

கண்டுகொண்டாலும் சரி.

செலோம்


ஹோஹோயே
28 ஜனவரி 2019

அன்புள்ள செலோம்,

வால்களுக்காக வருந்துகிறேன். இந்த முறை தலைகளோடு அனுப்பியிருக்கிறேன். வீட்டில் திற.

நீ சொன்னபடியே செய்தோம். யாய்ரா ஒவ்வொரு கணினியாகப் போய்த் தேதி வைத்தாள், நான் பின்னாலேயே போய்ச் சரிபார்த்தேன். பிறகு கோப்பைத் திறந்தோம். பிள்ளைகள் என் தோளில் மோவாயை வைக்காத குறை. "இந்தக் கோப்பு கெட்டுப்போயிருக்கிறது, நிறுவ முடியாது" என்று வந்தது. அடுத்ததிலும் அதேதான். எல்லாவற்றிலும் அதேதான். மற்றக் கதவுகளைப்போல இது பதிப்பைக் குறை சொல்லவில்லை. கோப்பே கெட்டது என்கிறது.

கோஜோ அண்ணன் பென் டிரைவைக் கருவாட்டுக் கூடைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். அதனால்தான் கெட்டது என்று நினைத்து, நான் அவரிடம் வாயைத் திறந்துவிட்டேன். பேருந்து நிலையத்தில், எல்லோர் முன்னாலும். நானா என்று நீ கேட்பாய். நான்தான்.

"மீன் நாத்தம் ஃபைலுக்குள்ளயும் போகுமா டீச்சர்? படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வீடு வரை தலையைக் குனிந்தபடி நடந்தேன்.

இன்னொரு முறை அனுப்புவாயா? மேடம் அறையின் நீள அகலத்தை அளக்க ஆள் அனுப்பியிருக்கிறார். மூன்று அடுப்பு வைக்கலாமாம்.

உன் மாமாவுக்கு என் வணக்கம். அவர் சொன்னதைப் பற்றி இப்போது எதுவும் எழுதத் தெரியவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

என்யோனம்


அக்ரா
2 பிப்ரவரி 2019

என்யோனம்,

வேறொரு இடத்திலிருந்து புதிதாக இறக்கி, கோப்பு முழுதாக இருக்கிறதா என்று இரண்டு விதமாகச் சோதித்து அனுப்புகிறேன். கெட்டுப்போக வழியே இல்லை. கோஜோ அண்ணனிடம் சட்டைப் பையில் வைக்கச் சொன்னேன். "டீச்சர் பொருள் இல்ல? நெஞ்சிலயே வச்சுக்கறேன்" என்றார். என்னைப் பார்த்த பார்வை சரியில்லை.

தேதியை மறக்காமல் பார். மின்சாரம் போய்வந்தால் மறுபடி மாறியிருக்கும்.

மாமா விஷயம் அவசரமில்லை. நான் காத்திருக்கத் தெரிந்தவன்.

செலோம்


ஹோஹோயே
11 பிப்ரவரி 2019

என் அன்புச் செலோம்,

உட்கார்ந்து படி.

உன் இரண்டாவது கோப்பும் கெட்டது என்றுதான் வந்தது. உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல் சனிக்கிழமை அம்மாவின் கடையில் போய் உட்கார்ந்தேன். எஃபுவா அக்கா தக்காளி விழுது டின்னைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார்.

"இது கெட்டுப்போச்சு, வேற குடு" என்றார்.

அம்மா முகர்ந்து பார்த்தாள். "எங்க கெட்டிருக்கு? உன் மூக்குதான் கெட்டிருக்கு."

"அடியில பாரு. என் மகன் படிச்சுச் சொன்னான், போன மாசமே முடிஞ்சிருச்சாம்."

"டின் கெடலடி. தேதிதான் போயிருக்கு. உன் மகன் படிக்காம இருந்திருந்தா நேத்தே குழம்பு வச்சுத் தின்னிருப்ப."

எனக்குச் சட்டென்று விளங்கியது. கடையை அப்படியே விட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடினேன். காவலாளி ஏதோ விபத்து என்று நினைத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

உன் கோப்பில் அதைச் செய்தவர்கள் வைத்த முத்திரை ஒன்று இருக்கிறது, இல்லையா? அந்த முத்திரைக்கு ஒரு கடைசித் தேதி உண்டு. அது எப்போதோ கடந்துவிட்டது. நாம் ஒழுங்காக இன்றைய தேதியை வைத்தோம். கணினி முத்திரையைப் பார்த்தது, நாளைப் பார்த்தது, கெட்டது என்று தூக்கிப் போட்டுவிட்டது.

ஒரு கணினியில் 2012 என்று வைத்தேன். நிறுவு என்றேன். நீலக் கோடு நகர்ந்தது, செலோம். நகர்ந்துகொண்டே போனது. மின்விசிறி சத்தம் தவிர அறையில் ஒன்றுமில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

இன்று யாய்ரா ஒவ்வொரு கணினியையும் 2012-க்குக் கொண்டுபோனாள். "மிஸ், அப்ப எனக்கு ஒன்பது வயசு. எழுத்துக்கூட்டவே தெரியாது, நான் எப்படி நிரல் எழுதறது?" என்றாள். நிறுவி முடிந்ததும் மறுபடி இன்றைய தேதிக்கு மாற்றினோம். உள்ளே வந்துவிட்ட கருவி அதற்குப் பிறகு தேதி கேட்கவில்லை.

உங்கள் அலுவலகத்தின் முதல் பாடத்தை எங்கள் கடைக்கு அனுப்பிவை. அம்மா திருத்தித் தருவாள்.

கோஜோ அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க டீச்சர். என் கருவாட்டுக்கு மானம் திரும்புச்சு" என்றார்.

என்யோனம்


அக்ரா
17 பிப்ரவரி 2019

என்யோனம்,

உன் கடிதத்தை அலுவலகத்தில் சத்தமாகப் படித்தேன். என் மேலதிகாரி எழுந்துபோய், "டின் கெடலடி, தேதிதான் போயிருக்கு" என்று பலகையில் எழுதிவிட்டார். என் முதல் பாடம் அழிக்கப்பட்டது. அதைச் சொன்னவன் நான்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

இவ்வளவு நீளமாக நீ பேசி நான் கேட்டதே இல்லை. கடிதத்தில்கூட.

விழாவுக்கு நான் வரலாமா? கோப்பு எதுவும் கொண்டுவரப் போவதில்லை. சும்மா. மாமாவும் வருவேன் என்கிறார். அவரைச் சும்மா வரச் சொல்ல என்னால் முடியாது. வேண்டாம் என்றால் அவருக்கு மூட்டுவலி என்று சொல்லி நிறுத்திவிடுகிறேன்.

செலோம்


ஹோஹோயே
24 பிப்ரவரி 2019

என் செலோம்,

இங்கே வீட்டார் நலம். செயலியும் நலம். நேற்று மேடம் வந்து, "அடுத்த சந்தை என்னைக்கு?" என்று கணினியிடமே கேட்டார், ஏதோ பயந்த பிள்ளையிடம் கேட்பதுபோல. யாய்ரா பொத்தானை அழுத்தினாள். வியாழன் என்றது. மேடம் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். இரண்டாம் முறையும் எண்ணினார். பிறகு, "அடுப்பெல்லாம் பழைய கொட்டகையிலயே இருக்கட்டும்" என்றார். அவர் போனதும் பிள்ளைகள் மேசையைத் தட்டியதில் தூசி எல்லாம் எழுந்து எங்கள் மேலேயே விழுந்தது.

எல்லாக் கணினிகளிலும் இன்றைய தேதி இருக்கிறது. சன்னலோரம் உள்ள ஒன்றில் மட்டும் இன்னும் 2012. அதில் சந்தை நாள் தப்பாக வருகிறது. மிஸ் மாற்ற மறந்துவிட்டார் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். நினைக்கட்டும்.

அந்த ஆண்டு பல்கலைக்கழகக் கணினிக்கூடத்தில், யாரும் பக்கத்தில் உட்காரக் கூடாது என்று நாற்காலியில் என் பையை வைத்திருப்பேன். எங்கள் குடும்பத்தில் அப்படி ஓர் இடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான். என்னிடம் யாராவது ஏதாவது கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம். ஒருவன் வந்து, "இங்க உக்காரலாமா?" என்று கேட்டான். நான் பதில் சொல்லாமல் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவனுக்கு அது பதில்தான் என்று தெரிந்ததா, இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

உன் மாமா சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா கிண்டிக்கொண்டிருந்த அக்ப்லே களியை விட்டுத் திரும்பக்கூட இல்லை. "இத்தன நாளா பென் டிரைவால தட்டுனான், கதவு எப்படித் திறக்கும்? பாட்டிலோட வரச் சொல்லு. பெரிய பாட்டில்" என்றாள். பிறகு அடுப்பைப் பார்த்தபடியே சிரித்தாள்.

மாமாவின் மூட்டுவலியைப் பற்றி நீ பொய் சொல்ல வேண்டாம்.

விழாவில் ஆசிரியர்களுக்கு இரண்டாம் வரிசை. கூட்டம் அதிகமாக இருக்கும், முன்னதாகவே வந்துவிடு. என் பக்கத்து நாற்காலியில் ஒரு பை இருக்கும். கேட்க வேண்டாம். எடுத்து என் மடியில் வைத்துவிட்டு உட்கார்.

உன் என்யோனம்