பாலக்காட்டுக்குப் போன கைபேசி

ஒட்டன்சத்திரம்
4 மார்ச் 2025

அன்புள்ள சுகன்யாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். நீயும் சின்னாளபட்டியில் உன் வீட்டாரும் நலம் என்று நம்புகிறேன்.

"போனில் பேசினால் பக்கத்தில் அத்தை இருக்கிறார் என்று 'சரி சரி' என்று மட்டும் சொல்கிறீர்கள், சொல்ல வேண்டியதை எழுதி அனுப்புங்கள்" என்றாய். பள்ளிக்கூடத்தில் விடுப்பு விண்ணப்பம் எழுதியதோடு சரி. இதுதான் நான் எழுதும் முதல் கடிதம். தப்பிருந்தால் சிரித்துக்கொள்.

மண்டியில் முருங்கை வரத்து அதிகம். திண்டுக்கல் டாக்டரம்மா சொன்னபடி லேப்டாப்பை மடியிலிருந்து இறக்கிவிட்டேன். தக்காளிப் பெட்டிகளை அடுக்கி, அதன்மேல் வைத்துத்தான் பில் போடுகிறேன். இரண்டு போன்களையும் பேன்ட் பையில் வைப்பதில்லை. எல்லாம் இந்தச் சனியன்களால் வந்த வினை. மூன்று மாதத்தில் சரியாகிவிடும். கோபத்தை விட்டுவிட்டு வந்துவிடு கண்ணு.

உன்
பாண்டியராஜ்

சின்னாளபட்டி
11 மார்ச் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சிரிக்கவில்லை. இரண்டு முறை படித்தேன்.

டாக்டரம்மா சொன்னதில் பாதிதான் உங்கள் காதில் விழுந்திருக்கிறது. "உயிரணுக்களின் எண்ணிக்கையும் ஓட்டமும் குறைவு. மடியில் வைக்கும் லேப்டாப்பின் சூடு அதற்கு ஆகாது. போனைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், உறுதியாகச் சொல்ல முடியாது. தள்ளி வைப்பதில் நஷ்டமில்லை" என்றுதான் சொன்னார். சிகரெட்டையும் சொன்னார். அதை நீங்கள் எழுதவில்லை.

அப்போது அவர் சொன்ன உதாரணம் நினைவிருக்கிறதா? "சித்திரை வெயில்ல தக்காளி பூத்துப் பூத்துக் கொட்டுதே, செடியைத் திட்டுவீங்களா?" என்றார். நீங்கள் தலையாட்டினீர்கள். உங்கள் சோதனை அறிக்கைக்காக நான் உங்கள்மேல் ஒரு நிமிடம்கூடக் கோபப்படவில்லை மாமா.

உங்கள் தங்கை பானுப்ரியாவின் வளைகாப்பில் எல்லாப் பெண்களும் வரிசையாக வளையல் போட்டார்கள். அத்தை என்னிடம் வந்ததும் தட்டை நகர்த்தி, "நீ அடுத்த வருசம் போடலாஞ் சாமி, இப்பச் செத்த தள்ளி உக்காரு" என்றார். ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் என் வயிற்றைப் பார்த்தார்கள். அறிக்கை அப்போதே உங்கள் கையில் இருந்தது. நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள்.

போன்மேல் பழி போட்டாயிற்று. நல்லது. அத்தையிடம் எப்போது சொல்வீர்கள்? சொன்ன பிறகு நான் வருகிறேன்.

அன்புடன்
சுகன்யா

ஒட்டன்சத்திரம்
24 மார்ச் 2025

அன்புள்ள சுகன்யாவுக்கு,

சொல்லத்தான் போனேன். நேரே ஆரம்பிக்க வாய் வரவில்லை. "குழந்தை தங்காததுக்கு இந்தப் போனு, லேப்டாப்புக் கூடக் காரணமா இருக்கலாம்னு டாக்டர் சொல்றாங்கம்மா" என்று மெதுவாகத் தொடங்கினேன். மிச்சத்தைச் சொல்வதற்குள் அம்மா முந்திக்கொண்டார்: "அதத்தானடா நானும் சொல்றேன்! அவ எப்பப் பாத்தாலும் போனையே தடவிட்டு இருந்தாளே, அப்புறம் எப்படித் தங்கும்?"

நான் பேசாமல் இருந்துவிட்டேன். அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு, உனக்குத் தெரியும். மறுநாள் பக்கத்து வீட்டுக்கும் அதைச் சொல்லியிருக்கிறார். உன்னிடம் மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

சிகரெட்டை விட்டுவிட்டேன். சத்தியம்.

பாண்டியராஜ்

சின்னாளபட்டி
30 மார்ச் 2025

மாமாவுக்கு,

கர்ப்பப்பையை ஸ்கேன் செய்தார்கள், குழாயைச் சோதித்தார்கள், ஊசி போட்டார்கள். எல்லாவற்றுக்கும் நான் படுத்தேன். கடைசியில் குறை என் போனில் இருக்கிறது.

நான் இங்கே சேலைக் கடையில் கணக்கெழுதப் போகிறேன். கடைக்காரர் ஆனந்தமேரி அக்கா நல்லபடியாக நடத்துகிறார். என்னைப் பற்றிக் கவலை வேண்டாம்.

எழுதுவதற்கு ஏதாவது இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

சுகன்யா

ஒட்டன்சத்திரம்
19 ஏப்ரல் 2025

அன்புள்ள சுகன்யாவுக்கு,

எழுதுவதற்கு இருக்கிறது.

வியாழக்கிழமை பாலக்காட்டு லாரிக்கு முருங்கை ஏற்றிக்கொண்டிருந்தோம். போனைப் பையில் வைக்கக் கூடாதே என்று ஒரு முருங்கைக்கட்டின் மேல் வைத்தேன். சுமை தூக்கும் கருப்புசாமி அண்ணன் கட்டோடு சேர்த்து ஏற்றிவிட்டார். லாரி போய்விட்டது. மறுநாள் காலையில் அங்கிருந்து வியாபாரி என் இன்னொரு போனுக்குக் கூப்பிட்டு, "பாண்டியராஜ், நீங்க அனுப்புன முருங்கைக்காய் மணியடிக்குதே" என்கிறார்.

மண்டியே சிரித்தது. "பயணச் செலவு போக போனுக்குக் கமிசன் எவ்வளவு?" என்று பக்கத்து மண்டி கிதர் முகம்மது பாய் கேட்டார். கருப்புசாமி அண்ணன்தான் விடவில்லை. "ஏனுங் தம்பி, ஊரே பேன்ட் பையில போன வெச்சிருக்குது. நீங்க மட்டும் ஏனுங் காய்க்கட்டு மேல வெக்கறீங்க? ஒண்ணர மாசமா நானும் பாக்கறேன்!"

எப்போதும்போல ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரம் பார்த்து அம்மா சாப்பாட்டுக் கேரியரோடு வந்து நின்றார். வந்ததும், "எல்லாம் எம்மருமக போன நோண்டுனதால வந்தது, அதுல இவன் பயந்து கெடக்கறான்" என்று அவர்களிடமே சொல்லத் தொடங்கினார்.

"அம்மா, நிறுத்து" என்றேன். "பையில வெக்காதேன்னு டாக்டர் என்னையத்தான் சொன்னாங்க. குறை எங்கிட்டத்தான் இருக்குது. சுகன்யாவுக்கு ஒண்ணுமில்ல. எனக்கு இது வளைகாப்புக்கு முன்னாலயே தெரியும்."

யாரும் சிரிக்கவில்லை. கருப்புசாமி அண்ணன் தன் பேன்ட் பையிலிருந்து போனை எடுத்துத் தராசுத் தட்டில் வைத்தார். பாயும் எடுத்து வைத்தார். "எதுக்கும் இருக்கட்டுமே" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நான் வளையல் தட்டை நகத்துனப்ப நீ எங்கடா நின்ன?"

"சாம்பார் வாளியோட பந்தியில."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டுச் சாம்பார் ஊத்திட்டு இருந்தியா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். இன்றுவரை என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் வைக்கிறார்.

வா என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை. நடந்ததை எழுதிவிட்டேன்.

பாண்டியராஜ்

சின்னாளபட்டி
23 ஏப்ரல் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாளே அத்தை வந்துவிட்டார். திண்டுக்கல்லில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து, ஒருவரிடம் வழி கேட்டு, தனியாக. வாசலிலேயே நின்றுகொண்டு, "உன்ற வளையல் அளவு கேக்க வந்தேன். இத்தனை வருசமாச்சு, எனக்கு அது தெரியாமப் போச்சு" என்றார். நான் கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டு அழுதார். என் அம்மா காபி போட்டுக் கொடுத்தார். பானுப்ரியாவின் பிள்ளைக்குக் காப்புப் போடுகிற அன்று முதல் காப்பை நான்தான் போட வேண்டுமாம்.

ராத்திரி பேசிக்கொண்டிருக்கும்போது, "அவன நீ மன்னிச்சாலும் நான் இன்னும் பத்து நாளைக்குப் பேச மாட்டேன்" என்றார். அதை நீங்கள் பட்டுத்தான் ஆக வேண்டும். நானும் அதையெல்லாம் இன்னும் மறக்கவில்லை.

ஜூனில் மறுபடி சோதனை செய்யும்போது சேர்ந்தே திண்டுக்கல்லுக்குப் போகலாம். சூடு குறைந்தால் பூ நிற்கும் என்று டாக்டரம்மா வாக்குக் கொடுக்கவில்லை. நிற்காவிட்டாலும் நான் செடியைத் திட்டப்போவதில்லை.

அத்தையும் நானும் ஞாயிற்றுக்கிழமை புறப்படுகிறோம். பதினொரு மணிக்கு ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நில்லுங்கள். இந்தத் தடவை யாராவது என்னைத் தள்ளி உட்காரச் சொன்னால், கையில் எந்த வாளி இருந்தாலும் கீழே வைத்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்
சுகன்யா