மழைக்காரன் பேசிய தமிழ்

செப்டம்பர் 3, 2024 – செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. ஒற்றை ஆளுக்கு இவ்வளவு சீக்கிரம் எப்படித் தீர்ந்தது என்று தெரியவில்லை. எப்போதாவது அடுப்பை அணைக்க மறந்திருப்பேன்.

மகள் நிக்கோல் பெங்களூரிலிருந்து போன் செய்தாள். அவர்கள் வீட்டில் எனக்காக ஒரு அறையை ஒழித்துவிட்டார்களாம். மைன்ஸ் ஆட்களுக்காக வரிசையாகக் கட்டிய இந்த லைன் வீட்டுக்குக் குடித்தனக்காரர்களையும் பார்த்து வைத்திருக்கிறாள். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும் தினமும் ரயிலில் பெங்களூர் போய் வருகிறவர்கள். ஜனவரியில் வருவார்களாம். “உங்களுக்கு ஓகே தானே டாடி?” என்றாள். சரி என்றேன். அவள் அம்மா டெய்சி போனதிலிருந்து யார் எதைக் கேட்டாலும் ‘சரி’ தான் வாயில் வருகிறது. அதில் ஒரு சௌகரியம், அடுத்த கேள்வி வராது.

செப்டம்பர் 4 – புதன்

தயிர் வாங்க மறந்தேன். தயிர் இல்லாமலே சாப்பிட்டேன். வித்தியாசம் தெரியவில்லை.

செப்டம்பர் 14 – சனி

சனிக்கிழமை மதியம்தான் இந்த வீட்டில் மோசம்.

முன்பெல்லாம் சாப்பாடு முடிந்ததும் பக்கத்து வீட்டு பியாட்ரிஸ் வருவாள், பின் லைனிலிருந்து வேலம்மாள் வருவாள். டெய்சியோடு சேர்ந்து மூன்று பேரும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு கொரியா நாடகம். எட்டு வருஷத்துக்கு முந்தையது. வருஷத்துக்கு ஒரு தடவை முதலிலிருந்து கடைசி வரை அதையேதான் பார்ப்பார்கள். முன்னூறு வருஷமாகச் சாகாத ஒருவன், மழை பெய்யும்போது மட்டும் ஆள் உருவில் வருவான். மழை நின்றால் மறைந்துவிடுவான். சூப்புக் கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணுக்கும் அவனுக்கும் காதல். மழை வந்தால் நம் ஊரில் குடத்தை எடுப்பார்கள், அங்கே குடையை எடுக்கிறார்கள், அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. நான் சட்டையை மாட்டிக்கொண்டு ஆண்டர்சன்பேட்டையில் கேரம் ஆடப் போய்விடுவேன்.

ஏப்ரலில் டெய்சி இறந்த அன்று பியாட்ரிஸ் ஒரு பெட்ஷீட்டை எடுத்து டிவியைப் போர்த்தினாள். சாவு விழுந்த வீட்டில் அப்படிச் செய்வது எங்கள் லைன் வழக்கம். இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதன்பிறகு இரண்டு பேரும் சனிக்கிழமை வந்ததே இல்லை. குழம்பு கொண்டுவருகிறார்கள், கேட்டிலேயே நின்று விசாரிக்கிறார்கள், போய்விடுகிறார்கள். வந்ததெல்லாம் டெய்சிக்காக, டிவிக்காக. எனக்காக யார் வரப் போகிறார்கள்? அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. – இல்லையா? தெரியவில்லை.

செப்டம்பர் 22 – ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது சர்ச் வாசலில் பியாட்ரிஸ் பிடித்துக்கொண்டாள். “அண்ணா, அந்தப் பெட்ஷீட்ட எப்பத்தான் எடுக்கப் போறீங்க?”

நீதானே போர்த்தினாய், நீதான் வந்து எடுப்பாய் என்று இருந்தேன் என்றேன்.

“போத்தறதுதான் அக்கம்பக்கத்து வேல. எடுக்கறது வீட்டுக்காரங்க. நீங்க எடுக்காம நாங்க எப்டி வந்து உக்காருவோம்?”

பிறந்ததிலிருந்து இந்த லைனில் இருக்கிறேன், இது தெரியாது. இந்த மாதிரி விஷயமெல்லாம் டெய்சியின் இலாகா. இத்தனை மாதமும் அவர்கள் எனக்காகக் காத்திருந்திருக்கிறார்கள், நான் அவர்களுக்காக. வீட்டுக்கு வந்து பெட்ஷீட்டை எடுத்து மடித்து வைத்தேன். டிவியைத் துடைத்தேன்.

செப்டம்பர் 28 – சனி

வந்தார்கள். வேலம்மாளின் மருமகள் ரஷ்மியும் கூட வந்து, என் போனில் ஏதோ செய்து நாடகத்தை டிவியில் வரவைத்துவிட்டுத் தூங்கப் போனாள். வாரம் முழுக்க ரயிலில் அலைகிற பெண். டெய்சி இறந்தபோது பாதியில் நின்றிருந்தது, ஆனால் முதலிலிருந்துதான் பார்க்க வேண்டுமாம்.

ஒரு விஷயம் இன்றுதான் எனக்குத் தெரிந்தது. நாடகத்தில் தமிழே கிடையாது. பேச்சு கொரிய மொழியில், கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடுகிறது. வேலம்மாளுக்கு இங்கிலீஷ் வராது. பியாட்ரிஸுக்குக் கண்ணில் புரை. டெய்சிதான் படித்துப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். ஹாலில் கேட்ட சத்தத்தை நான் ஊர்க்கதை என்று நினைத்திருந்தேன்.

இனி நீங்கள் படித்துச் சொல்லுங்கள் என்றார்கள். சரி என்றேன். ஃபேக்டரியில் வெல்டராகக் காலம் முழுக்க இங்கிலீஷ் டிராயிங் படித்தவனுக்கு இது என்ன பெரிய வேலை என்று படித்தேன். முடிந்ததும் பியாட்ரிஸ் சொன்னாள்: “நீங்க சொன்னா லவ்வு கூட நோட்டீஸ் போர்டு மாதிரி கீதுண்ணா.”

அக்டோபர் 5 – சனி

வேலம்மாள் அடிக்கடி நிறுத்தினாள். “அது இல்லண்ணா” என்கிறாள். எழுதியிருப்பதைத்தான் சொல்கிறேன் என்றேன். டெய்சி அக்கா வேறு மாதிரி சொல்வாள் என்கிறாள்.

கதாநாயகியின் அம்மா மகளைத் திட்டுகிற இடம். ‘நீ என் பேச்சைக் கேட்பதே இல்லை’ என்று ஓடியது. அப்படியே சொன்னேன். வேலம்மாள் என்னைத் திருத்தினாள்: “‘ஒன்னப் பெத்ததுக்கு பதிலா ஒரு பம்பு போட்டிருந்தா தண்ணியாவது வந்திருக்கும்.’ அதான் அந்தம்மா சொல்லும்.”

அக்டோபர் 8 – செவ்வாய்

காலையில் ஆள் இல்லாதபோது, ரஷ்மி காட்டித் தந்தபடி அந்த இடத்தைப் போட்டு நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பம்பு இல்லை. தண்ணீர் இல்லை. அந்த ஊரில் எப்போதும் மழை, பம்புக்கு என்ன வேலை?

டெய்சி கான்வென்ட்டில் படித்தவள். அவள் இங்கிலீஷ் என்னுடையதை விட நல்ல இங்கிலீஷ். அப்படியானால் தெரிந்தேதான் மாற்றியிருக்கிறாள். வருஷக்கணக்கில் அவளாகவே ஒரு நாடகம் சொல்லியிருக்கிறாள். எதற்கு?

அக்டோபர் 19 – சனி

இப்போது வம்பு செய்வதில்லை. டெய்சி இங்கே என்ன சொல்வாள் என்று வேலம்மாளையே கேட்டுவிடுகிறேன்.

இன்று மழைக்காரனும் அந்தப் பெண்ணும் கடை வாசலில் நிற்கிற காட்சி. ஒரே குடை. அதை அவளிடம் நீட்டி, ‘எடுத்துக்கொள், எனக்குக் குளிராது’ என்கிறான். படித்தேன். வேலம்மாள் தலையாட்டினாள்.

“‘எடுத்துட்டு போ புள்ள. நான் நனைஞ்சா சட்ட காயும். நீ நனைஞ்சா உங்கப்பா என் தோல உரிச்சிக் காயப் போடுவாரு.’ இப்டித்தாண்ணா சொல்லுவான்.”

டீ போடுகிறேன் என்று எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

நான் சொன்னது அது. பங்காருபேட்டை ஸ்டேஷனில், எங்களுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பு, அவள் டீச்சர் டிரெயினிங் போய்க்கொண்டிருந்தபோது. அவள் அப்பா மைன்ஸில் ஷிப்ட் பார்த்தவர், சட்டென்று கை நீட்டிவிடுவார். அப்படி ஒன்று சொன்னேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது. இன்று வேலம்மாள் வாயில் கேட்டபோது அந்த பிளாட்பாரமே வந்துவிட்டது.

டீயில் சர்க்கரை போடவில்லை. இரண்டு பேரும் அப்படியே குடித்தார்கள்.

அக்டோபர் 20 – ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை.

இன்னும் என்னென்ன என் பேச்சை அவன் வாயில் போட்டிருக்கிறாளோ. அவன் வாலிபன், நெட்டை, பால் மாதிரி மேனி. அவன் பேசுவது என் பேச்சு. பக்கத்து அறையில் நான் சட்டை பட்டன் போட்டுக்கொண்டிருந்திருப்பேன். ஏன்டி எங்கிட்ட சொல்லல? நான் ஒரு தடவயாவது உக்காந்து கேட்டிருப்பேனே – கேட்டிருப்பேனா?

வலிக்கிறது. ஏப்ரலில் வலித்திருக்க வேண்டியது.

நவம்பர் 2 – சனி

கல்லறைத் திருநாள். நாடகம் இல்லை. டெய்சியின் கல்லறைக்கு நேற்றே சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. பூ வைத்தேன். மெழுகுவர்த்தி காற்றில் அணைந்துகொண்டே இருந்தது, பியாட்ரிஸ் மறுபடி மறுபடி ஏற்றினாள். எல்லாரும் அழுதார்கள். எனக்கு வரவில்லை. பழையபடி கட்டை மாதிரி நின்றேன்.

நவம்பர் 17 – ஞாயிறு

நிக்கோல் அட்டைப் பெட்டிகளோடு வந்தாள். அவள் அம்மாவின் புடவைகளை எடுத்து அடுக்கினாள். கொஞ்சம் அழுதாள், மறுபடி அடுக்கினாள். குடித்தனக்காரர்கள் வந்து வீட்டைப் பார்த்தார்கள். நல்ல பிள்ளைகள். சுவரில் ஆணி அடிக்கலாமா என்று கேட்டார்கள். சரி என்றேன். டிவியை இங்கேயே யாருக்காவது கொடுத்துவிடலாம் டாடி, எங்களிடம் இருக்கிறது என்றாள் நிக்கோல். அதற்கும் சரி.

அவள் மேல் தப்பில்லை. தீய்ந்துபோன பால் பாத்திரத்தைப் பார்த்துவிட்டாள், பயம்.

நான் போகப்போவது வேலம்மாளுக்குத் தெரியும். அவள் சொன்னது இவ்வளவுதான்: “நீங்க போறதுக்குள்ள கத முடிஞ்சிரணும்ணா.”

டிசம்பர் 1 – ஞாயிறு

நேற்றிலிருந்து மழை. கூரை ஒழுகுகிற இடத்தில் பக்கெட் வைத்தேன். ஜனவரிக்கப்புறம் அந்தப் பிள்ளைகள் வைப்பார்கள். இடம் காட்டிக் கொடுக்க வேண்டும்.

டிசம்பர் 13 – வெள்ளி

நாளைக்குக் கடைசி எபிசோட். டிராயிங் பார்க்காமல் வெல்டிங் ராடைத் தொட மாட்டேன், அது என் பழக்கம். மதியம் தனியாகப் போட்டுப் பார்த்தேன்.

மழை நிற்கிறது. அதோடு அவன் இனி வரவே மாட்டான் என்று ஆகிவிடுகிறது. நல்ல வெயில். அந்தப் பெண் கடையில் மேஜை துடைக்கிறாள், வாசலுக்கு முதுகு. கதவு மணி அடிக்கிறது. திரும்புகிறாள். சிரிக்கிறாளா, அழப்போகிறாளா, தெரியவில்லை. வந்தது யார் என்று காட்டவில்லை. ஒரே ஒரு வரி பேசுகிறாள். முடிந்தது.

கீழே எழுதியிருப்பது: ‘வாங்க, எத்தனை பேர்?’

கடைக்கு யார் வந்தாலும் கேட்கிற கேள்வி. அப்படியென்றால் வந்தது அவன் இல்லை, சூப் குடிக்க வந்த எவனோ. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், எழுத்து மாறவில்லை. இந்த இடத்தில் டெய்சி இவர்களுக்கு என்ன கொடுத்தாள்? நாளைக்கு வேலம்மாளைக் கேட்க வேண்டும்.

டிசம்பர் 14 – சனி

மணி அடித்தது. அவள் திரும்பினாள். எழுத்து ஓடியது. நான் படிக்காமல் வேலம்மாளைப் பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. திரை கறுத்து, பேர்கள் ஓட ஆரம்பித்தன. டெய்சி இங்கே என்ன சொல்வாள் என்று கேட்டேன்.

“ஒண்ணியும் சொல்லாது” என்றாள் வேலம்மாள். “இந்த எடத்துல மட்டும் கம்முனு இருந்துடும். கேட்டா, எழுத்து ஓடிப்போச்சு, அடுத்த தடவ பாத்து சொல்றேன்னும்.”

ஒவ்வொரு வருஷமும் அதே பதில்தானாம். உடனே இரண்டு பேருக்கும் சண்டை. வந்தது அவன்தான் என்கிறாள் பியாட்ரிஸ். அவனாவது வர்றதாவது, கடைக்கு வந்த ஆள் என்கிறாள் வேலம்மாள். வருஷா வருஷம் இந்தச் சண்டை நடந்திருக்கிறது. தெரிந்த கதையை எதற்குத் திரும்பத் திரும்பப் பார்க்கிறீர்கள் என்று டெய்சியை எத்தனை தடவை கிண்டல் செய்திருக்கிறேன். முடிவை யாருக்கும் அவள் சொல்லவே இல்லை.

பியாட்ரிஸ் என் பக்கம் திரும்பினாள். அவள் புருஷன் சகாயம் இறந்து பதினைந்து வருஷம் இருக்கும். “நீங்க பாத்தீங்களேண்ணா. இன்னா எழுதியிருந்தது?”

சொன்னால் முடிந்துவிடும். வேலம்மாள் ஜெயித்துவிடுவாள், டிவியை யாருக்காவது கொடுத்துவிடலாம், நான் ரயில் ஏறலாம். சரி என்று சொல்வது மாதிரி சுலபம்.

“கண்ணாடி சரியில்ல பியாட்ரிஸ். அடுத்த தடவ பாத்து சொல்றேன்” என்றேன்.

“அடுத்த தடவயா? நீங்கதான் போறீங்களே.”

“போகல.”

அவர்கள் போனபிறகு டிவி முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது. அசிங்கமாக, மூக்கு ஒழுக, ரொம்ப நேரம் அழுதேன்.

டிசம்பர் 15 – ஞாயிறு

நிக்கோலுக்கு நானே போன் செய்தேன். இல்லம்மா, வரல, அந்தப் பிள்ளைகளுக்கு வேறு வீடு பார்த்துச் சொல்லிவிடு, நான் வேண்டுமானால் இங்கே பியாட்ரிஸிடம் விசாரிக்கிறேன் என்றேன். எல்லாவற்றுக்கும் சரி சரி என்றுவிட்டு இப்போது வந்து இப்படிச் சொல்கிறீர்களே என்று கத்தினாள். நியாயம்தான். ஏன் என்றாள். சனிக்கிழமை ஆள் வருவாங்கம்மா என்றேன். போனை வைத்துவிட்டாள்.

டிசம்பர் 22 – ஞாயிறு

சாயங்காலம் சர்ச் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ் வந்தார்கள். துக்க வீட்டில் பாட மாட்டார்கள், டிரம்மைக் கீழே வைத்து ஜெபம் செய்துவிட்டுக் கிளம்பினார்கள். ஒரு பாட்டு பாடிட்டுப் போங்கப்பா என்றேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பாடினார்கள்.

ஜனவரி 4, 2025 – சனி

நிக்கோல் வந்திருக்கிறாள். கோபம் இன்னும் தீரவில்லை, ஆனால் புதுப் பால் பாத்திரம் வாங்கி வந்திருந்தாள். மதியம் பியாட்ரிஸும் வேலம்மாளும் வந்ததும் அவளும் சோபாவின் ஓரத்தில், எழுந்து போய்விடப் போகிறவள் மாதிரி உட்கார்ந்தாள். முதல் எபிசோட் போட்டோம்.

மழைக்காரன் முதல் தடவை கடைக்குள் வந்து உட்காருகிறான். ‘ஒரு சூப்’ என்று ஓடியது.

“ஒரு சூப்பு குடும்மா. முன்னூறு வருஷமா கேன்டீன் சாப்பாடு, நாக்கு செத்துப்போச்சு” என்றேன்.

பியாட்ரிஸ் சிரித்தாள். நிக்கோல் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “டாடி, அங்க அப்படிப் போடலையே.”

நான் பதில் சொல்வதற்குள் வேலம்மாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “நீ சும்மா இரும்மா” என்றாள். “அங்க போட்டிருக்கறத யாரு கேட்டா? ஒங்கம்மா காலத்துலயே கேட்டதில்ல.”

அதற்குள் இரண்டு வரி ஓடிவிட்டது. நிக்கோலிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று மேலே சொல்ல ஆரம்பித்தேன்.