ஸ்டோருக்குள் அடித்த வாடை

அக்கா,

இன்று காலை பாயசத்துக்காக ஏலக்காய்ப் பொட்டலம் ஒன்றைப் பிரித்தேன். பிரித்ததுமே புகை வாடை மூக்கில் ஏறியது. எவனோ அடுப்பைக் கவனிக்காமல் உலர்த்திய காய். அப்படியே சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். குமட்டல் மட்டும் நிற்கவில்லை. அது ஏலக்காயால் வந்த குமட்டல் இல்லை. போன வாரம் உங்கள் பதினாறாம் நாள் காரியத்தில் ஆரம்பித்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உடும்பஞ்சோலையில் நம் மாமனார் வீட்டுக்கு நீங்கள் மூத்த மருமகள், நான் இளையவள். வீட்டுச் சுவரை ஒட்டி ஏலக்காய் உலர்த்தும் அறை இருந்தது. ஸ்டோர் என்போம். அடுப்பு அறைக்கு வெளியே. அதில் விறகைத் திணித்தால், சூடும் புகையும் தகரக் குழாய் வழியாக அறையைச் சுற்றி வந்து மறுபக்கம் புகைக்கூண்டில் வெளியேறும். தட்டுகளில் பரப்பிய பச்சைக் காய் நிறம் கெடாமல் உலரும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? எழுதினால்தான் எனக்கு ஆறும், எழுதுகிறேன்.

எழுபதுகளில் அந்த மழைக்காலத்தில், தட்டு நிறையக் காய் பரப்பியிருந்தபோது அடுப்பு மக்கர் பண்ணியது. விறகு எரிகிறது, ஆனால் அறைக்குள் சூடு ஏறவில்லை. குழாயைத் தொட்டால் வெந்நீர்ச் செம்பு அளவுக்குத்தான் சுட்டது. காய் வியர்த்துப் பிசுபிசுத்தது. போதாததற்கு உள்ளே ஒரு நாற்றம். ஈர விறகுதான் காரணம் என்றார் உங்கள் வீட்டுக்காரர். காய்ந்த விறகு போட்டோம். சாம்பல் அடைத்திருக்கும் என்றார் என் வீட்டுக்காரர். அள்ளிக் கொட்டினோம். அடுப்பின் வாயிலிருந்து புகை நம் முகத்திலேயே திரும்பி அடித்தது.

அப்போதுதான் அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"உள்ள யாருடி போனது?"

"நான்தான் அத்தை. காயைக் கெளறி விட்டேன்" என்றீர்கள் நீங்கள்.

"நீ வீட்டுக்குத் தூரமா?"

நீங்கள் பொய் சொல்லத் தெரியாதவர். "இன்னைக்குக் காலையிலதான்" என்றீர்கள்.

அவ்வளவுதான். வீடே பெருமூச்சு விட்டது. காரணம் கிடைத்துவிட்டதல்லவா! சூடு ஏறாததற்கும் நீங்கள், நாற்றத்துக்கும் நீங்கள். "வாடை எங்கருந்து வருதுன்னு இப்பத் தெரியுது" என்று அத்தை சொன்னபோது, ஆம்பிளைகள் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு உங்களிடமிருந்து இரண்டு எட்டு தள்ளி நின்றார்கள். அந்த இரண்டு எட்டை நான் மறக்கவே இல்லை. உங்கள் கையால் வடித்த சோற்றை அதற்கு முந்தின நாள் வரை அள்ளி அள்ளித் தின்றவர்கள். தூ!

எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி அடுப்பின் வாயில் வைத்தார்கள். உங்களை விறகுக் கொட்டகைக்கு அனுப்பினார்கள். மாமா கொட்டகைப் பக்கம் திரும்பாமலேயே, "இந்தக் காய் கெட்டுச்சுன்னா அவள போடிக்கே கொண்டுபோய் விட்ருங்க. பொறந்த வீட்டுலயே இருக்கட்டும்" என்றார். உங்கள் வீட்டுக்காரர் அடுப்பில் இன்னும் இரண்டு விறகைத் திணித்தார். போடியில் உங்களுக்கு யார் இருந்தார்கள்? தாய் தகப்பன் இல்லாத வீட்டில் ஒரு அண்ணன், அவர் பெண்டாட்டி. அங்கே போனால் திரும்ப முடியாது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் கஞ்சி கொண்டுவந்தபோது நீங்கள் அழுதுகொண்டிருப்பீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"ஏ புள்ள, அடுப்பு எரியுதுல்ல?"

"எரியுதுக்கா."

"அப்ப கூண்டுல ஏன் பொகை வரல? பொகை போனாத்தான சூடு குழாய்க்குள்ள ஓடும். அந்தக் கடைசியில என்னமோ அடச்சிருக்கு."

நான் ஓடிப் போய் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "யாரு சொன்னா? மதினியா? தூரத்துல கெடக்குறவ பேச்சக் கேட்டா குழாயப் பிரிக்கச் சொல்ற?" என்று சிரித்தார். உங்கள் பேச்சுக்கும் தீட்டு போலிருக்கிறது.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்ததும் நீங்களே எழுந்து வந்தீர்கள். அடுப்பிலிருந்த கொள்ளிகளை இழுத்துப் போட்டு அணைத்தோம். குழாய் ஆறும்வரை மழையில் நின்றோம். பிறகு உள்ளே போய், குழாய் புகைக்கூண்டோடு சேரும் இடத்தில் மண் பூச்சைத் தட்டி உதிர்த்துவிட்டு இணைப்பைக் கழற்றினீர்கள். நாற்றம் முகத்தில் அறைந்தது. நான் வெளியே ஓடி வாந்தியெடுத்தேன். நீங்கள் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு தொரட்டியை உள்ளே விட்டு இழுத்தீர்கள். பாதி வெந்து, மயிர் கருகி, பல்லை இளித்தபடி ஒரு மரநாய் வந்து விழுந்தது. அதன்மேல் கூடை கூடையாய்க் கரி.

மேலே மூடியிருந்தால் அது விழுந்திருக்குமா? புகைக்கூண்டின் தகர மூடி கோடையிலேயே உங்கள் வீட்டுக்காரரின் சாராய ஊறல் பானைக்குப் போய்விட்டது. அது அத்தைக்குத் தெரியும், மாமாவுக்கும் தெரியும். அந்த வீட்டில் அதற்கு மட்டும் தீட்டு இல்லை.

குழாயை மறுபடி இணைத்து, மண் குழைத்துப் பூசி, மறுபடி தீ மூட்டினோம். அடுப்பு உறுமியது. கூண்டில் புகை நெட்டுக்குத்தாக ஏறியது. சத்தம் கேட்டு எல்லோரும் எழுந்து வந்தார்கள். அத்தை ஸ்டோர் சுவரைத் தொட்டுப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அவள ஒதுக்கி வச்சதும் சூடு ஏறிருச்சு பாத்தீங்களா!"

அப்போதுதான் நீங்கள் உள்ளேயிருந்து வெளியே வந்தீர்கள். முழங்கை வரை கரி. செத்த மரநாயை வாலைப் பிடித்துத் தூக்கி வந்து எல்லோர் காலடியிலும் போட்டீர்கள்.

"நான்தான் உள்ள போனேன். தூரத்தோடதான் போனேன். வாடை இதுலருந்துதான் வந்துச்சு. இப்பச் சூடு இருக்கா இல்லையா, இன்னொருக்காத் தொட்டுப் பாருங்க."

யாரும் தொடவில்லை. பானை மேலிருந்த மூடியை நீங்களே எடுத்துவந்து, உங்கள் வீட்டுக்காரர் கையில் கொடுத்து, ஏணியைக் காட்டினீர்கள். அவர் ஏறினார். திறந்து கிடந்த பானைக்குள் மழை பெய்துகொண்டிருந்தது. அத்தை ஸ்டோர் முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தார். நீங்கள் தொட்ட காயை மட்டும் யாரும் கீழே கொட்டவில்லை. பத்திரமாக உலர்த்தி, மூட்டை கட்டி, விற்றார்கள். உங்களைப் போடிக்கு அனுப்பும் பேச்சை மாமா பிறகு எடுக்கவில்லை. அடுத்த மாதம் நீங்கள் விறகுக் கொட்டகைக்குப் போகவும் இல்லை. உங்களைப் பார்த்து நானும் போகவில்லை.

இப்போது பதினாறாம் நாள் கதைக்கு வருகிறேன். பந்தியில் உட்கார்ந்திருந்த சின்னஞ்சிறு பெண்களைப் பார்த்து என் வீட்டுக்காரர் சொல்கிறார்: "எங்க மதினி அந்தக் காலத்துல தூரம்னா ஸ்டோர் பக்கமே எட்டிப் பாக்க மாட்டாங்க. அவ்வளவு சுத்தம்." சுற்றியிருந்தவர்கள் தலையாட்டுகிறார்கள். மாலை போட்ட படத்தில் நீங்கள் பேசாமல் இருக்கிறீர்கள். செத்தவரையும் விறகுக் கொட்டகையில் உட்கார வைத்துவிட்டார்கள் அக்கா. அங்கேதான் இந்தக் குமட்டல் ஆரம்பித்தது.

பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். "பொய்" என்றேன். ஸ்டோர், குழாய், மரநாய், நாற்றம், யார் யார் தள்ளி நின்றார்கள், எல்லாவற்றையும் பந்தி நடுவிலேயே சொன்னேன். என் வீட்டுக்காரர், "சாப்புடுற எடத்துல என்ன அசிங்கம் பேசுற?" என்றார்.

"அசிங்கந்தான். அன்னைக்கு அத அள்ளிப் போட்டது அவங்க கை" என்றேன். உங்கள் பேத்தி இலையிலிருந்து கையை எடுக்காமல், "அப்புறம் என்னாச்சு சின்னாச்சி?" என்று கேட்டாள். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து முழுவதையும் சொன்னேன்.